வியோசா பாலத்தைத் தாண்டி

போக்ராதெட்ஸ்
16 பிப்ரவரி 1997

அன்புள்ள வாசிலிகா அக்காவுக்கு,

தங்கை மரியாந்தியின் அன்பு. நானும் சோதிரும் சுகம். ஏரிக்காற்றில் எனக்குக் காது மட்டும் அடைத்துக் கிடக்கிறது. நீ, லாம்ப்ரோ அத்தான், எந்தெலா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி தேவலையா?

டி.வி.யில் உங்கள் வ்லோராவைக் காட்டினார்கள். அதிக வட்டி என்று நம்பிப் பணம் போட்ட கம்பெனிகள் விழுந்துவிட்டதால் ஜனம் தெருவில் நிற்கிறது. கல்லும் புகையுமாக இருந்தது. கண்ணாடி உடைந்த ஒரு பஸ்ஸைப் பார்த்ததும் எழுந்து திரைக்கு அருகே போய்விட்டேன். அத்தானின் பஸ் என்றால் பக்கவாட்டில் பழைய ஜெர்மன் சோப்பு விளம்பரம் இருக்குமே. அது இல்லை. பிறகுதான் உட்கார்ந்தேன்.

சோதிர் சிரிக்கிறார். "உங்க அக்கா ஊர்ல கோவத்துல கல்லெறியறாங்க. என் ரயில்ல பசங்க சும்மாவே எறியறாங்க. நான் இருபது வருஷமா டிக்கெட் கிழிக்கலையா?" என்கிறார். அவர் ரயிலில் இப்போது கண்ணாடி உள்ள சன்னலைத் தேடித்தான் உட்கார வேண்டும்.

வழக்கம்போல இதை சோதிர் ரொகோஜினா நிலையம் வரை கொண்டுவந்து, அத்தான் பஸ்ஸை நிறுத்திக் காப்பி குடிக்கும்போது கையில் கொடுப்பார். பதிலையும் அப்படியே அனுப்பு. கோடையில் எந்தெலாவை என்னிடம் அனுப்பிவை. எனக்குப் பிள்ளை இல்லாத குறையை அவள்தான் வாயடித்துத் தீர்க்கிறாள்.

உன் பிரியமுள்ள,
மரியாந்தி


வ்லோரா
24 பிப்ரவரி 1997

அன்புள்ள மரியாந்திக்கு,

உன் கடிதம் காப்பிக் கறையோடு வந்து சேர்ந்தது. இரண்டு ஆண்களும் காப்பியைக் குடித்தார்களா, உறையில் கொட்டினார்களா தெரியவில்லை. நாங்கள் சுகம். முதுகு இருக்கும்வரை வலி இருக்கும், விடு. காதில் சூடான ஆலிவ் எண்ணெய் இரண்டு சொட்டு விடு.

நீ பார்ப்பது டி.வி. நான் பார்ப்பது தெரு. தெருவில் ரொட்டிக் கடை திறந்திருக்கிறது, மீன் வருகிறது. பள்ளிக்கூடம்தான் மூடிக் கிடக்கிறது. எந்தெலா நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். "படிடீ" என்றால், "எந்தப் பாடத்தம்மா? டீச்சரே ஊர்வலத்துல போறாங்க" என்கிறாள்.

லாம்ப்ரோ தினமும் தலைநகர் திரானாவுக்கு ஓட்டுகிறார். ஜனம் எவ்வளவு கோபப்பட்டாலும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும், அதனால் பஸ்காரனுக்கு எப்போதும் வேலை உண்டு என்பது அவர் கட்சி. நீ பயந்து பயந்து எனக்கும் பயத்தைத் தொற்றவைக்காதே. சின்ன வயதில் உன்னை எல்பசான் ரயிலில் ஏற்றியபோதே சுரங்கப்பாதை வந்ததும் என் பாவாடைக்குள் ஒளிந்தவள் நீ.

சோதிருக்கு எங்கள் அன்பைச் சொல்.

அக்கா வாசிலிகா


போக்ராதெட்ஸ்
20 மார்ச் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இதைக் கேட்டுக் கேட்டுத் தனியாகவே பேசிக்கொண்டிருக்கிறேன். இருபது நாளுக்கு மேலாக உங்களிடமிருந்து ஒரு சொல் இல்லை.

ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்துத் திருகாணிகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்களாம். சோதிர் சீருடையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இங்கேயும் ராணுவக் கிடங்கைத் திறந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று துப்பாக்கி கொண்டுவந்து ஒன்றை எங்களுக்கு நீட்டினார். "எங்க வீட்டுல சுடத் தெரிஞ்சவங்க யாருமில்ல" என்று சோதிர் சொல்ல, "எங்க வீட்டுல மட்டும் இருக்காங்களா? எல்லாரும் எடுத்தாங்க, நானும் எடுத்தேன்" என்றார் அவர். சந்தோஷம் வந்தாலும் வானத்தைச் சுடுகிறார்கள், துக்கம் வந்தாலும் வானத்தைச் சுடுகிறார்கள். மேலே போன குண்டு கீழே வருமே என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

சாலையில் முகமூடி போட்டவர்கள் பஸ்களை மறித்து ஆட்களை இறக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. அத்தான் பஸ்ஸை நிறுத்தி வைக்கக் கூடாதா? முட்டைக்கோஸ் லாரி ஓட்டும் ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ திட்டி எழுதினாலும் சரி, எழுது.

உன் நினைவாகவே இருக்கும்,
மரியாந்தி


வ்லோரா
6 ஏப்ரல் 1997

அன்புள்ள மரியாந்திக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் மிகவும் நலம். லாம்ப்ரோ நலம். எந்தெலா நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள்.

பஸ் ஓடுகிறது. கவலைப்பட ஒன்றுமில்லை. வியோசா ஆற்றுப் பாலத்தில் லுவான் என்ற தம்பி இருக்கிறார். பாலமும் சாலையும் இப்போது அவர் பொறுப்பு. மிகவும் மரியாதையான மனிதர். எங்கள் பஸ்ஸை ஒருவரும் தொடாமல் பார்த்துக்கொள்கிறார். அவரைப் போன்றவர்கள் இருப்பதால்தான் ஊர் ஊராக இருக்கிறது. அவருக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

நீ இங்கே வர வேண்டாம். கோடையில் எந்தெலாவும் அங்கே வர முடியாது. அவளுக்கு இங்கே வேலை இருக்கிறது.

வாசிலிகா


போக்ராதெட்ஸ்
15 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையான பதிலை எழுது.

உன் கடிதத்தின் உறை பிரிக்கப்பட்டு, மாவுப் பசையால் மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. நீ ஒட்டினால் நாக்கால் நக்கித்தான் ஒட்டுவாய், எனக்குத் தெரியும்.

நீ ஒரு மனிதரைப் புகழ்ந்து எழுதி நான் படித்ததே இல்லை. உன் கல்யாணத்தன்று அத்தானைப் பற்றிக் கேட்டபோதுகூட, "பரவாயில்ல, பல்லு வரிசையா இருக்கு" என்றாய். இப்போது யாரோ ஒருவருக்கு இத்தனை நன்றி சொல்கிறாய். சோதிரிடம் படித்துக் காட்டினேன். அவர் வாங்கி இரண்டாம் தரம் படித்தார். "இது உங்க அக்கா எழுதினது இல்ல. பக்கத்துல எவனோ நின்னு எழுத வச்சது" என்றார். அதன்பிறகு அவரும் சிரிக்கவில்லை.

இதையும் படிப்பார்கள் என்றால் படிக்கட்டும். நான் தப்பாக ஒன்றும் எழுதவில்லை. அக்கா மேல் எனக்குப் பிரியம், அவ்வளவுதான்.

எந்தெலாவுக்கு முத்தங்கள்.

மரியாந்தி


வ்லோரா
2 மே 1997

என் தங்கமே மரியாந்தி,

மருத்துவச்சி தெயோதோரா, அமைதி காக்க வந்திருக்கும் இத்தாலியப் பட்டாளத்தின் வண்டியில் எல்பசானுக்குப் போகிறாள். அந்த வண்டியைப் பாலத்தில் ஒருவரும் மறிப்பதில்லை. அவள் ரவிக்கைக்குள் வருகிறது இந்தக் கடிதம். ஆகையால் இன்றைக்கு என் வாயால் பேசுகிறேன்.

என்னை ஒருவரும் பக்கத்தில் நின்று எழுத வைக்கவில்லை. லாம்ப்ரோவின் பையைப் பாலத்தில் கொட்டிப் பார்ப்பார்கள், கிடைத்ததையெல்லாம் படிப்பார்கள். அதனால் அவர்கள் படிப்பதற்காகவே எழுதினேன்.

லுவான் மார்ச் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஷூவைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்தான். சாக்லேட் பெட்டி கொண்டுவந்தான். துப்பாக்கியை நான் பின்னிய சோபா விரிப்பின் மேல் சாய்த்து வைத்தான். இருபத்தெட்டு வயதுகூட இருக்காது.

"லாம்ப்ரோ அண்ணே, உங்க பஸ்ஸ இதுவரைக்கும் யாராவது தொட்டாங்களா?"

"இல்ல" என்றார் இவர்.

"ஏன் தொடல?"

இவர் காப்பிக் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினார்.

"நான் இருக்கேன், அதான். சொந்தமாயிட்டா இன்னும் நல்லா பாத்துப்பேன். என் தம்பிக்கு உங்க எந்தெலாவப் புடிச்சுப் போச்சு."

"அவளுக்குப் பதினாறுகூட ஆகலப்பா" என்றேன் நான்.

"அதுக்கென்னக்கா? உடனேவா கேக்கறேன்? ஜூன்ல வச்சுக்கலாம். பொண்ணு பயப்படாம இருக்கட்டும்."

காப்பியைக் குடித்து முடித்து, கோப்பையை அவனே சமையலறையில் கொண்டுபோய் வைத்தான். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் பயந்தேன்.

அவன் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன், கேள். இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்ணுக்கு அவனுடைய சிநேகிதன் ஒருவனோடு இப்படித்தான் கல்யாணம் நடந்தது. மறுவாரம் விசைப்படகில் இத்தாலிக்குக் கூட்டிப்போனான். அவன் திரும்பி வந்தான். அவள் எங்கே என்று கேட்க அவள் அப்பாவுக்குத் துணிவில்லை. அவள் அம்மா தினமும் கடற்கரைக்குப் போய் நிற்கிறாள்.

லாம்ப்ரோ பஸ்ஸை எடுக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்க லுவானின் ஆள் வருகிறது. எடுத்தால் நானும் எந்தெலாவும் பிணை போல ஊருக்குள் இருக்க வேண்டும். பாலத்தில் ஒருவன் ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். எந்தெலா கண்ணாடி முன்னால் நிற்பதை விட்டுவிட்டாள். முடியைக் கத்தரித்துக்கொண்டாள். "அசிங்கமா இருந்தா விட்டுடுவாங்களாம்மா?" என்று கேட்டாள்.

ஃபியேர் வரை ரயில் மறுபடி வருகிறதாமே. பாலத்தைத் தாண்டிவிட்டால் ஃபியேர் பக்கம்தான். லாம்ப்ரோவுக்கு ஒரு யோசனை இருக்கிறது. பின்பக்க நீள இருக்கைக்கு அடியில் ஸ்டெப்னி டயர் வைக்கும் பெட்டி இருக்கிறது. டயரை பஸ் கூரை மேலே கட்டிவிட்டால் ஒரு பெண் முடங்கிப் படுக்கலாம். மேலே யாராவது நம்பிக்கையான ஆள் உட்கார வேண்டும். சோதிரால் வர முடியுமா? நீ வராதே. உன்னால் முடியாது. உன் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும்.

கடவுள் இருந்தால் பார்க்கட்டும்.

வாசிலிகா


போக்ராதெட்ஸ்
19 மே 1997

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தெலா என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாள். காலில் சைலன்சர் சூடு பட்டு உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். மருந்து போட்டிருக்கிறேன். வேறு குறையில்லை.

தெயோதோரா திரும்பிப் போகும்வரை காத்திருந்து இதை அனுப்புகிறேன். உன் வீட்டு வாசலில் சோதிருக்குப் பதிலாக என்னைக் கண்டதும் நீ திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. சோதிரால் ரயிலை விட்டு இறங்க முடியாது, ஆண் வந்தால் கேள்வி வரும். எண்ணெய் வாங்க வந்த பெண்பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்றுதான் வந்தேன். அன்று காலை பஸ்ஸில் என்ன நடந்தது என்று அத்தான் உன்னிடம் முழுக்கச் சொல்லியிருக்க மாட்டார். நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்னிருக்கையில், அவளுக்கு மேலே, எண்ணெய் டின்களைக் காலடியில் வைத்து உட்கார்ந்தேன். என் பக்கத்து இடம் காலி. பாலம் வந்தது. ஒருவன் ஏறி முகங்களைப் பார்த்தான். என்னையும் பார்த்தான், நகர்ந்தான். முடிந்தது என்று மூச்சு விட்டேன். அப்போது கீழேயிருந்து ஒரு குரல்: "அண்ணே, நில்லு. நானும் ஃபியேருக்கு வர்றேன்."

அத்தானின் பின்கழுத்து வெளுத்ததை நான் பார்த்தேன். லுவான் ஏறினான். அவன் பெயரைச் சொல்லி இருவர் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நேராகப் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். எந்தெலாவுக்கு மேலே, அக்கா. துப்பாக்கியின் அடிக்கட்டையைப் பெட்டியை மூடிய பலகையில் ஊன்றிக்கொண்டான்.

அவன் தாடை ஒருபக்கம் வீங்கியிருந்தது. கண்ணில் தண்ணீர்.

"பல்லா தம்பி?" என்றேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. பேசாமல் இருந்தால் என் இதயம் அடிப்பது அவனுக்குக் கேட்டுவிடும் போலிருந்தது.

"பல்லுதாங்க்கா. எங்க ஊர் டாக்டர் கிரீஸுக்கு ஓடிட்டாரு. எல்லாரையும் தொரத்தி விட்டுட்டோம், இப்பப் புடுங்க ஆளில்ல."

பையில் கிராம்பு இருந்தது. கொடுத்தேன். கடித்துக்கொண்டான். "எந்த ஊருக்கா?" என்றான். "எல்பசான் பக்கம்" என்றேன். பொய் சொல்லும்போது வேறு எங்காவது பார்க்க வேண்டுமே என்று எண்ணெய் டின்னைப் பார்த்தேன்.

சாலை முழுக்கக் குண்டும் குழியும். ஒவ்வொரு குழியிலும் அடியில் ஏதோ மோதும் சத்தம். ஒருமுறை ஒரு முனகல் கேட்டது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் இருமினேன். இருமிக்கொண்டே இருந்தேன். லுவான் தாடையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான், பிறகு பலகையைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்தான். ஃபியேர் வரை திறக்கவில்லை. தூங்கினானா, வலியா, எனக்குத் தெரியாது.

ஃபியேரில் இறங்கியவன் பஸ்ஸைச் சுற்றி அத்தானின் சன்னலுக்கு வந்தான்.

"ஸ்டெப்னிய மேல கட்டியிருக்க. கீழ என்ன அண்ணே வச்சிருக்க?"

"வெங்காயம்" என்றார் அத்தான்.

"அழுகறதுக்குள்ள கொண்டுபோய்ச் சேரு" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

நிலையத்துக்குப் பின்னால் பலகையைத் தூக்கியபோது எந்தெலாவால் நிற்க முடியவில்லை. அத்தான் அவளைத் தூக்கி ரயிலில் வைத்தார். மகளை ஒருதரம் கட்டிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் உன்னிடம் திரும்பினார். சோதிர் எங்களைக் கார்டு பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஒவ்வொரு நிலையத்திலும் துப்பாக்கிக்காரர்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். எல்பசானைத் தாண்டிச் சுரங்கப்பாதைகள் வந்தன. இருட்டு வந்தபோதெல்லாம் என் கையைப் பிடித்தவள், வெளிச்சம் வந்ததும் விட்டாள். ஏரி தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "சித்தி, அவன் காலாட்டிட்டே வந்தான். மரத்தூள் என் கண்ணுல விழுந்துச்சு. கண்ணைத் தேய்க்கக்கூட பயமா இருந்துச்சு."

அக்கா, அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால் உங்களை என்ன செய்வான்? உடனே எழுது.

மரியாந்தி


போக்ராதெட்ஸ்
28 மே 1997

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. அத்தானின் பஸ்ஸை ரொகோஜினாவில் யாரும் பார்க்கவில்லை என்கிறார் சோதிர். வ்லோராவிலிருந்து வந்த ஒரு பஸ்காரரிடம் விசாரித்தாராம். "அந்த ஜெர்மன் பஸ்ஸா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாராம்.

எந்தெலாவிடம் நீ எழுதியதாகச் சொல்லியிருக்கிறேன். கடிதத்தைக் காட்டு என்கிறாள்.

உயிரோடு இருந்தால் ஒரு கோடு கிழித்தாவது அனுப்பு.

மரியாந்தி


ஃபியேர் ரயில் நிலையம்
3 ஜூன் 1997

மரியாந்தி,

உயிரோடு இருக்கிறோம், இரண்டு பேரும். பஸ் இல்லை. ரயில் பாலத்தின் வழியாக நடந்து ஆற்றைத் தாண்டினோம். இந்தச் சீட்டு இன்றைய ரயிலில் வருகிறது. நாங்கள் நாளை ரயிலில் ஏறுகிறோம்.

நிலையத்துக்கு யாரும் வராதீர்கள். எந்தெலாவை வாசலுக்கே விடாதே. எங்களோடு யார் ஏறுகிறார்கள், யார் பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்று தெரியாது. சோதிர் எங்களிடம் டிக்கெட் கேட்கட்டும், தெரியாதவர் போலக் கிழிக்கட்டும். பின்கதவைத் தட்டுவோம். குரல் தெரிந்தாலும் யார் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத் திற.

வாசிலிகா


கோர்ச்சா
12 அக்டோபர் 1997

அன்புள்ள மரியாந்திக்கு,

சுகமா? உன் காது, சோதிரின் மூட்டு எல்லாம் எப்படி? இங்கே குளிர் இறங்கிவிட்டது. உங்கள் வீட்டில் மூன்று மாதம் சாப்பிட்ட கடனுக்கு மிளகாய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். லாம்ப்ரோ இன்னொருவருடைய பஸ்ஸை ஓட்டுகிறார். பிரேக் சரியில்லை என்று தினமும் முனகுகிறார். முனக ஆரம்பித்துவிட்டாரே என்று எனக்கு நிம்மதி.

உன் வீட்டில் இருந்தபோது நீ கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். எந்தெலா இருக்கும்போது வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் போன மறுநாள் லுவான் வந்தான். அன்றைக்கும் ஷூவைக் கழற்றி வைத்தான். பல்லைப் பிடுங்கியிருந்தான், வாயில் பஞ்சு. காப்பி வேண்டாம் என்றான், சூடு ஆகாதாம்.

"பொண்ணு எங்கக்கா?"

லாம்ப்ரோ எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"உக்காரு அண்ணே. வெங்காயம் போய்ச் சேந்துருச்சா, அதத்தான் கேட்டேன்."

லாம்ப்ரோ உட்காரவில்லை. அவனே பேசினான். "தம்பிக்கு இன்னும் சொல்லல. அவன் சாமான் எடுத்துட்டு வர இத்தாலி போயிருக்கான். வர்றதுக்குள்ள நீங்களும் கிளம்புங்க. பஸ் இங்கேயே நிக்கட்டும், அது எனக்கு. ரோட்டுப் பாலத்துல வராதீங்க, அங்க இருக்கறவங்க தம்பியோட ஆளுங்க."

"ஏன்ப்பா விட்ட?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாய் கேட்டுவிட்டது.

அவன் வாசலில் குனிந்து ஷூவை மாட்டினான். "பல்லு வலிச்சுது. பலகையத் தூக்கி, கத்தி, புடிச்சு இழுத்து... அதுக்கெல்லாம் தெம்பில்ல. அவ்வளவுதான்" என்றான்.

அவன் சொன்னது வலையா, வழியா என்று தெரியாமல்தான் அத்தனை நாள் வீட்டுக்குள் கிடந்தோம். உனக்கு ஒரு வரி எழுதவும் கை வரவில்லை. கடைசியில் அவன் தம்பி ஊருக்கு வந்துவிட்டான் என்று ரொட்டிக் கடையில் கேள்விப்பட்ட அன்று கிளம்பினோம்.

உள்ளுக்குள் அவன் நல்லவன்தான் என்கிறார் லாம்ப்ரோ. இருக்கலாம். நான் பாத்திரம் கழுவும்போது வேறொன்றை நினைக்கிறேன். அன்றைக்கு அவனுக்குப் பல் வலிக்காமல் இருந்திருந்தால்? என் மகள் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து ரொட்டி தின்பது ஒருவனுடைய சொத்தைப் பல்லால் என்றால், நான் யாருக்கு மெழுகுவத்தி ஏற்றுவது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எந்தெலா சனிக்கிழமை உன்னிடம் வர வேண்டும் என்கிறாள். தனியாக, பஸ்ஸில். அப்பா ஓட்டும் பஸ்கூட இல்லை, வேறு பஸ். கோர்ச்சாவுக்கு வந்ததிலிருந்து அவள் எந்த வண்டியிலும் ஏறாமல் எங்கும் நடந்தே போகிறவள். "ஒரு பொம்பளை பக்கத்துல பாத்து உக்காருடீ" என்றேன். "எனக்குப் புடிச்ச எடத்துல உக்காருவேன்" என்றாள். முடி தோள் வரை வளர்ந்துவிட்டது. நான் கையைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

அவள் இறங்கியதும் அதே பஸ்காரரிடம் ஒரு சீட்டு கொடுத்தனுப்பு. நலம் விசாரிப்பெல்லாம் வேண்டாம். நான் நிறுத்தத்திலேயே நிற்பேன்.

அக்கா வாசிலிகா


போக்ராதெட்ஸ்
18 அக்டோபர் 1997

அக்கா,

வந்தாள். சன்னலோரத்தில் உட்கார்ந்து வந்தாள்.

மரியாந்தி